பால்டிக் கரையில் பதினோரு நாள் வயிற்றெரிச்சல்

ஊருக்குத் திரும்பியதிலிருந்து எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: குளிர் எப்படி இருந்தது? செப்டம்பர் மாதத்து ஸ்வீடனில் குளிர் இருக்கத்தான் செய்தது. மழையும் பெய்தது. ஆனால் எனக்கு அது உறைக்கவில்லை. போன நாள் முதல் வந்த நாள் வரை எனக்குள்ளே ஓர் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. அதை மூட்டியவள் என் தோழி செல்வி. அவளுக்கு அது தெரியாது என்றே பாதிப் பயணம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் புதுச்சேரி உப்பளத்தில் இருக்கிறேன். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். இருபத்தாறு ஆண்டுகளாக மாத நாவல் எழுதுகிறேன். எல்லாம் துப்பறியும் கதைகள். இதுவரை நாற்பத்தொன்று வெளிவந்திருக்கின்றன.

செல்வி எழுதியது ஒன்றே ஒன்று. அவள் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் துணி வெளுக்கும் பிரிவில் மேற்பார்வையாளர். வார்டிலிருந்து வரும் போர்வைகளை எண்ணி வாங்கி, எண்ணித் திருப்பிக் கொடுக்கும் வேலை. மூடிப்போன ஆலைக்குள் காவல்காரர் ஒருவர் கொலையாவதைப் பற்றி நாலு நோட்டுப் புத்தகங்களில் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் படித்தேன். கொலைகாரன் யாரென்று முப்பதாவது பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

"இப்படி எழுதினா மீதிய யாரு படிப்பாங்க?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. எனக்கு அப்படித்தான் வந்துது" என்றாள்.

அந்தப் புத்தகம்தான் தமிழில் அச்சாகி, ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து ஸ்வீடிஷ் மொழிக்கும் போனது. தென் ஸ்வீடனின் கடலோரச் சிற்றூர் ஒன்றில் நடக்கும் குற்றக்கதை விழாவுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு எஸ்தோனியாவில் ஒரு கூட்டம், லாட்வியாவில் ஒரு கூட்டம். செல்விக்கு ஆங்கிலம் நாலு வார்த்தைக்கு மேல் வராது. மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரை அழைத்து வரலாம் என்று கடிதத்தில் இருந்தது.

"நீங்க வந்தா போறேன். இல்லன்னா வேணாம்னு எழுதிடுறேன்க்கா" என்றாள் செல்வி.

நாற்பத்தொரு நாவல் எழுதியவள், ஒரு நாவல் எழுதியவளின் பேச்சை மொழிபெயர்க்கக் கிளம்பினேன். அந்த அடுப்புக்கு முதல் விறகு அதுதான்.

முதல் நாளே ரயிலில் கோட்டை விட்டேன். அங்கே சில ரயில்கள் நடுவழியில் இரண்டாகப் பிரியும். முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி வேறோர் ஊருக்கும் போகும். ஸ்வீடிஷிலும் ஆங்கிலத்திலும் அறிவித்திருக்கிறார்கள். நான் அந்த நேரம் செல்வியின் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டி அட்டை. பின்பக்கம் முழுக்க அவள் முகம். என் நாவல்களின் அட்டையில் எப்போதும் ரத்தம் சொட்டும் கத்தியும் அரைகுறையாக உடுத்திய ஒரு பெண்ணும்தான் இருப்பார்கள். என் முகத்தை யாரும் கேட்டதில்லை. இந்தக் கணக்கில் நான் மூழ்கியிருக்க, நாங்கள் உட்கார்ந்திருந்த பாதி தவறான ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

டிக்கெட் பார்க்க வந்த பெண் விஷயத்தைச் சொல்லி அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டாள். நிலையம் என்று கட்டடம் கிடையாது. ஒரு நடைமேடை, ஒரு பெஞ்சு, அறுவடை முடிந்த கோதுமைத் தாள், தூரத்தில் காற்றாலைகள். பெஞ்சில் ஒரு மூதாட்டி சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சைக்கிள் கூடை நிறைய ஆப்பிள்.

எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். கான்வென்டில் படித்தவள். திரும்பிப் போகும் ரயில் எப்போது என்று இலக்கணச் சுத்தமாகக் கேட்டேன். "நாற்பது நிமிடம்" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செல்வி ஒன்றும் கேட்கவில்லை. பையிலிருந்து தட்டையை எடுத்து நீட்டினாள். மூதாட்டி கடித்தார். கண்ணை அகல விரித்தார். காரம். செல்வி சிரித்தாள். அவரும் சிரித்தார். கூடையிலிருந்து ஆப்பிள் ஒன்றை எடுத்துக் கம்பளிச் சட்டையில் துடைத்துச் செல்வியிடம் கொடுத்தார். ரயில் வரும்வரை இருவரும் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் ஏறும்போது அவர் என்னிடம் ஆங்கிலத்தில், "உங்கள் தங்கை நல்ல துணை" என்றார்.

எனக்கு ஆப்பிள் வரவில்லை. செல்வி தன்னுடையதில் பாதி கொடுத்தாள். பசியில்லை என்று சொல்லிவிட்டேன். நல்ல பசி.

விழா நடக்கும் ஊர் எங்கள் கடற்கரைச் சாலைப் பக்கத்துத் தெருக்களில் பாதி அளவுதான் இருக்கும். மஞ்சள் சுவர், சிவப்பு ஓடு, கல் பாவிய தெரு. வரவேற்பு மேசையில் கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை கொடுத்தார்கள். செல்வியின் அட்டையில் பெயருக்குக் கீழே ஒரு வார்த்தை, என் அட்டையில் வேறொரு வார்த்தை. செல்வியின் புத்தகத்தை ஸ்வீடிஷில் மொழிபெயர்த்த குனில்லாவிடம் அர்த்தம் கேட்டேன். அறுபது வயதிருக்கும். என்னைவிட ஒன்றரை அடி உயரம். குனிந்து படித்துச் சொன்னார்: "அவர் எழுத்தாளர். நீங்கள் உடன் வந்தவர்."

மறுநாள் காலை கொலை நடந்த இடங்களைச் சுற்றிக்காட்டினார்கள். உண்மையில் அங்கே கொலை எதுவும் நடக்கவில்லை. அந்த ஊரைக் களமாக வைத்து ஒரு எழுத்தாளர் வரிசையாகத் துப்பறியும் நாவல்கள் எழுதியிருக்கிறார். அந்தக் கதைகளில் பிணம் கிடந்த இடங்களுக்கு அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். வழிகாட்டி லார்ஸ் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் குடை, முகத்தில் சிரிப்பே இல்லாத தீவிரம்.

"மூன்றாவது புத்தகத்தில் மருந்துக்கடைக்காரரின் உடல் இந்தப் படிக்கட்டில்தான் கிடந்தது" என்றார். பதினான்கு பேர் படிக்கட்டைப் படம் பிடித்தார்கள். இரண்டு ஜெர்மானியப் பெண்கள் குறிப்பு எழுதினார்கள். கதவைத் திறந்துகொண்டு அந்த வீட்டுக்காரர் குப்பைப் பையோடு வெளியே வந்தார். எங்களுக்குக் கையசைத்துவிட்டு, பிணம் கிடந்த படியைத் தாண்டிப் போனார். துப்பறிபவர் தினமும் காப்பி குடிக்கும் கடை என்று ஒன்றைக் காட்டினார்கள். அவர் உட்காரும் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லையாம். இல்லாத ஒரு மனிதருக்கு நாற்காலி! கூடவே ஏலக்காய் மணக்கும் ஒரு சுருள் ரொட்டி கொடுத்தார்கள். ஏலக்காய் நம்முடையது. அதை வெண்ணெயோடு சேர்த்து இப்படி ஒரு பண்டம் செய்ய நமக்கு ஏன் தோன்றவில்லை என்று அதற்கும் சேர்த்து எரிந்தது.

நான் புதுச்சேரியில் மட்டும் பதினோரு பேரைக் கொன்றிருக்கிறேன். பழைய துறைமுகத்துப் பாலத்தடியில் இரண்டு பேர், உப்பளம் மைதானத்துக்குப் பின்னால் ஒருவர், பெரிய மார்க்கெட்டில் மீன் கூடைக்குள் ஒருவர். பார்க்க ஒரு ஆள் வந்ததில்லை. எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள், காவலரின் சிவப்புத் தொப்பியைப் படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள்.

ஒரே ஒரு தடவை வாசகர் எதிர்வினை வந்தது. பத்தொன்பதாவது நாவலில் தவளக்குப்பம் சந்திப்பில் ஒரு லாரி டிரைவரைக் கொன்றிருந்தேன். அடுத்த வாரம் அங்கே கத்தரிக்காய் வாங்க நின்றபோது கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன் மேடம், கடலூர்ல கொல்லக் கூடாதா? எங்க வியாபாரத்தக் கெடுக்கவா எழுதுறீங்க?"

லார்ஸ் எட்டாவது பிணத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது செல்வி என் கையைத் தொட்டாள்.

"அக்கா, கதையில செத்தவங்க இருக்கட்டும். மெய்யாலும் இந்த ஊர்ல செத்தவங்கள யாராவது காட்டுவாங்களா? கேளுங்களேன்."

கேட்டேன். லார்ஸ் குடையை மடக்கினார். நிகழ்ச்சியில் இல்லாத பக்கம் எங்களைக் கூட்டிப்போனார். துறைமுகத்தின் ஓரத்தில் இடுப்புயரக் கல் ஒன்று. அதில் ஆறு பெயர்கள். ஒரு குளிர்காலத்தில் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாத படகு. நாலாவது பெயர் தன் பெரியப்பா என்றார் லார்ஸ். பதினான்கு பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். யாரும் படம் எடுக்கவில்லை.

இருபத்தாறு ஆண்டுகள் குற்றக்கதை எழுதியவளுக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. போர்வை எண்ணுகிறவளுக்குத் தோன்றியது. கடல் காற்று முகத்தில் அறைந்தது. எனக்கு உடம்பெல்லாம் சூடு.

மூன்றாம் நாள் மதியம் ஊர் நூலகத்தில் செல்வியின் கூட்டம். வெளியே மழை. இருந்தும் எண்பது பேர் வந்திருந்தார்கள். முதல் வரிசையில் ஒரு பெண்மணி கம்பளி பின்னிக்கொண்டே கேட்டார். நம் ஊரில் மேடைக்கு முன்னால் இப்படிச் செய்தால் அவமரியாதை என்போம். அங்கே அது கவனமாகக் கேட்பதற்கு அடையாளமாம். செல்வி ஆஸ்பத்திரி ஆண்டு விழாவுக்குக் கட்டும் நீலச் சேலையில், மேலே ஒரு கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

பின் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். புத்தகம் முழுக்க மஞ்சள் தாள் ஒட்டிக் குறித்து வைத்திருந்தார்.

"கொலைகாரன் யாரென்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறதே. ஏன் அப்படி எழுதினீர்கள்?"

நான் கேட்ட அதே கேள்வி. செல்வியிடம் சொன்னேன். அவள் மேசையைப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"எங்க மில்லு மூடினப்போ எங்கப்பா மாதிரி எத்தினியோ பேரு வூட்டுல அடுப்பு அணைஞ்சி போச்சி. யாரு பண்ணதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். யாருக்குத் தெரியாது? தெரிஞ்சும் ஒண்ணும் பண்ண முடியாம காலம் பூரா அவங்க மூஞ்சில முழிச்சிகினு இருந்தோம். யாரு கொன்னான்றது எங்களுக்குக் கதையே இல்ல. தெரிஞ்சப்புறம் எப்படிச் சோறு தின்னோம்றதுதான் கதை."

கேட்ட கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்பத்தொரு நாவலில் நான் எழுதாத ஒரு வரியை அவள் வாயால் சொல்லிவிட்டாள். எண்பது முகங்கள் என்னைப் பார்த்தன. மைக் என் கையில்.

"நான் எழுத்துக்குப் புதியவள், எப்படி மறைத்து வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

சபை சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை, குழந்தை ஏதோ சொன்னால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. பெரியவர் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். செல்வி என்னைப் பார்த்தாள், சபையைப் பார்த்தாள், பிறகு தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. அதை மறைக்கப்போவதில்லை. வெளியே வந்து, பேருந்து நிறுத்தம் வரை நடக்கும் நேரத்துக்குள் அது கசந்துவிட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டாக்ஹோமில் இரண்டு நாள் இருந்தோம். பழைய நகரத்தின் சந்துகளில் கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். நிறுத்தத்தில் குழந்தை வண்டியோடு ஒரு தாய் நின்றால் பேருந்து அந்தப் பக்கமாகச் சரிந்து தாழ்கிறது. யாரும் முண்டவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. கடலூர் பேருந்தில் நின்றுகொண்டே போய்ப் பழகிய உடம்புக்கு அந்த அமைதியே ஒரு குறை மாதிரி இருந்தது. ஊறவைத்த ஹெர்ரிங் மீனைப் பச்சையாக, தயிர் போன்ற ஒன்றோடு தந்தார்கள். இனிப்பும் புளிப்புமாக இருந்தது. ஒரு மிளகாய் கிள்ளிப் போட்டிருந்தால் அவர்களுக்கு விடிவு காலம் வந்திருக்கும். பக்கத்து மேசையில் ஒரு தகப்பன் மகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். குனில்லா எங்களை வழியனுப்ப அங்கே வந்திருந்தார். என்ன சொல்கிறான் என்று கேட்டேன்.

"'தாத்தாவிடம் நீயே போய்ச் சொல். உனக்காக நான் சொல்ல மாட்டேன்' என்கிறான்" என்றார் குனில்லா.

என் வாயில் இருந்த மீன் அப்படியே நின்றது.

செல்வி அந்த இரண்டு நாளும் அளவாகப் பேசினாள். "சரிக்கா", "போலாங்க்கா", "போதும்க்கா". வழக்கமாகத் தெருவில் போகிற நாயைப் பற்றிக்கூட ஒரு கதை சொல்கிறவள். களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அங்கிருந்து கப்பலில் எஸ்தோனியாவின் தலைநகர் தாலினுக்குப் போனோம். காலையில் சாப்பாட்டுக் கூடத்துக் கண்ணாடி முழுக்கச் சாம்பல் நிறக் கடல். மலைபோல் குவித்த ரொட்டி, பாலாடைக் கட்டி, வெள்ளரி. எங்கள் ஊர் ரொட்டி வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சாகவும் இருக்கும். இது கறுப்பு ரொட்டி, கனம், புளிப்பு. செல்வி ஒரு துண்டைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாள். சாப்பிடவில்லை.

"அக்கா, அன்னிக்கு லைப்ரரில நான் சொன்னத நீங்க சொல்லல இல்ல?"

"சொன்னேனே."

"சொல்லல. அவங்க சிரிச்சாங்க. நான் சொன்னது சிரிக்கிற விஷயமா?"

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்ற ஒன்றைத்தான் நான் நம்பியிருந்தேன். சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்பது எனக்கு உறைத்திருக்கவில்லை.

"இங்கிலீஷ்ல அது அப்படியே வராது, செல்வி."

"நாப்பத்தொரு நாவலு எழுதியிருக்கீங்க. நாலு வரி வராதா?" அவள் குரலை உயர்த்தவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே பேசினாள். "எங்கப்பாவப் பத்தி முதல் தடவையா எண்பது பேரு முன்னால வாயத் தொறந்தேன்க்கா. அவர வெச்சி சிரிக்க வெச்சிட்டீங்க."

பதில் சொல்ல வாய் எடுத்தேன். அவள் எழுந்து தட்டைக் கொண்டுபோய்த் திருப்பி வைத்தாள். துணி வெளுக்கும் பிரிவில் அவளிடம் வேலை பார்க்கிற பெண்கள் ஏன் அவளுக்கு அஞ்சுகிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

தாலினில் கல் கோட்டைக்குள் ஓர் ஊர் அப்படியே இருக்கிறது. சிவப்புக் கூம்புக் கோபுரங்கள், மேட்டுத் தெருக்கள், செருப்பைப் பதம் பார்க்கும் உருண்டைக் கற்கள். அங்கும் ஒரு பழைய காவல் மாடத்தைக் காட்டி, ஏதோ ஒரு நாவலில் ஒரு வணிகர் இங்கிருந்துதான் தள்ளிவிடப்பட்டார் என்றார்கள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. செல்வி பத்தடி முன்னால் நடந்தாள். ஒரு திருப்பத்தில் அவள் காணாமல் போனாள்.

அவள் போனுக்கு அந்த நாட்டில் தொடர்பு கிடையாது. அரைமணி நேரம் சந்து சந்தாகத் தேடினேன். யாரிடம் கேட்பது? நீலச் சேலை, கம்பளிக் கோட்டு, நெற்றியில் பொட்டு என்று ஒரு பூக்காரப் பெண்ணிடம் சொன்னேன். அவள் கோட்டைக்கு வெளியே சந்தைப் பக்கம் கையைக் காட்டினாள். ஓட்டமும் நடையுமாகப் போனால், காளான் விற்கும் ஒரு கிழவி பக்கத்தில் மரப்பெட்டியில் உட்கார்ந்து செல்வி காளான் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆரஞ்சு நிறக் காளான், குட்டிக் குட்டிப் புனல் மாதிரி. மண்ணைத் தட்டி இந்தக் கூடையில், அழுகலை அந்தக் கூடையில். கிழவி அவள் வேகத்தைப் பார்த்து வாய் பிளந்திருந்தாள்.

மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற எனக்கு அந்த நிலையிலும் முதலில் வந்தது கோபமில்லை, நிம்மதியுமில்லை. இவளுக்கு மட்டும் எப்படி எங்கே போனாலும் ஒரு பெட்டி போட்டு உட்கார வைக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

"ஏன் சொல்லாம வந்தே?" என்றேன்.

"சொன்னா மாத்திச் சொல்லிடுவீங்கன்னுதான்" என்றாள், காளானிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று மாலைக் கூட்டத்தில் ஒரு எழுத்து மாற்றாமல் மொழிபெயர்த்தேன். சின்னப் புத்தகக் கடை, இருபது பேர், சாதாரணக் கேள்விகள். கொலைகாரனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரிசெய்திருக்கலாம். கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் கடைக்காரரிடம் கணினியைக் கேட்டு வாங்கிக் குனில்லாவுக்கு எழுதினேன். பெரியவர் கேட்ட கேள்விக்குச் செல்வி சொன்ன பதில் இது, நான் சொன்னது வேறு, தவறி வந்ததல்ல, தெரிந்தே சொன்னேன் என்று எழுதி, அவள் சொன்னதை வரி வரியாகக் கீழே கொடுத்தேன். எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. ஆங்கிலத்தில் அது அப்படியே வந்தது.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. "அந்தப் பெரியவரை நூலகத்தில் எல்லாருக்கும் தெரியும். நானே போய்ச் சொல்கிறேன். நீங்கள் எழுதியது நல்லது. எழுத வேண்டியிருந்தது நல்லதில்லை." அவ்வளவுதான். உயரமானவர்கள் சுருக்கமாகத்தான் பேசுவார்கள் போலிருக்கிறது.

செல்வியிடம் சொன்னேன். லாட்வியாவின் தலைநகர் ரீகாவுக்குப் போகும் பேருந்தில் இருந்தோம். இரண்டு பக்கமும் பிர்ச் மரங்கள், வெள்ளைத் தோல் உரிந்து.

"சரிக்கா. அது உங்க கடன், தீத்துட்டீங்க" என்றாள். பிறகு, "ரீகால வேற ஆளுக்குச் சொல்லிட்டேன். அங்க யாழினின்னு நம்ப கடலூர்ப் பொண்ணு ஒண்ணு இருக்குதாம். எஞ்சினியரு. கூட்டம் நடத்துறவங்கதான் புடிச்சிக் குடுத்தாங்க. அது சொல்லும்."

எப்போது சொன்னாள், எந்த நாலு வார்த்தை ஆங்கிலத்தில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி இல்லை.

ரீகாவில் சந்தை பெரிய வளைந்த கூரைகளுக்குக் கீழே இருக்கிறது. ஒரு காலத்தில் பலூன் போன்ற ஆகாயக் கப்பல்களை நிறுத்திய கொட்டகைகளாம். எங்கள் பெரிய மார்க்கெட்டை அப்படியே தூக்கி உள்ளே வைக்கலாம், அப்போதும் இடம் மிஞ்சும். புகையில் வாட்டிய மீன் பொன்னிறத்தில் வரிசையாக அடுக்கியிருந்தது. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. மீன் சந்தையில் ஈரமில்லாமல் எப்படி என்று அதற்கும் பொறாமைப்பட்டுவிட்டு, கூட்டத்துக்குப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன்.

யாழினிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். செல்வி பேசப் பேசக் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டு, லாட்விய மொழியில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். எனக்கு லாட்வியம் ஒரு சொல் தெரியாது. ஆகவே முதல் முறையாகச் செல்வி பேசுவதைச் சும்மா கேட்டேன். அடுத்து என் முறை என்ற நினைப்பில்லாமல், எந்த வார்த்தையைப் போடலாம் என்ற யோசனையில்லாமல். அவள் கதை சொல்லும்போது வலது கையால் மடியில் எதையோ மடித்துக்கொண்டே இருக்கிறாள். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்தும் நான் அதைப் பார்த்ததில்லை.

அந்தக் கேள்வி அங்கேயும் வந்தது. குட்டை முடி வைத்த ஒரு பெண்மணி கேட்டார். கொலைகாரனை ஏன் மறைக்கவில்லை? செல்வி என் பக்கம் திரும்பவில்லை. அதே பதிலைச் சொன்னாள். யாழினி எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு காகிதத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

யாரும் சிரிக்கவில்லை. கேள்வி கேட்டவர் உட்காரவில்லை. நின்றபடியே லாட்விய மொழியில் ஏதோ சொன்னார். யாழினி தமிழில் சொன்னது எனக்கும் கேட்டது: "எங்க தெருவிலயும் அப்படி ஒருத்தர் இருந்தார். எங்க அண்ணனை ரகசியப் போலீசுக்குக் காட்டிக் கொடுத்தவர். அவர் சாகுறவரைக்கும் எங்க அம்மா அவருக்கு வணக்கம் சொன்னாங்க."

செல்வி எழுந்து போய் அந்தப் பெண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஸ்வீடனில் அந்தப் பெரியவரிடமிருந்து திருடியது இதைத்தான். மஞ்சள் தாள் ஒட்டிய அந்தப் புத்தகத்தோடு அவர் என்ன சொல்ல வைத்திருந்தாரோ, தெரியாது.

விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். செல்வி ஆளுக்கொரு காப்பி வாங்கி வந்தாள். பேச வேண்டியது நான்தான். மூன்று தடவை ஆரம்பித்தேன். மொழிபெயர்ப்பின் சிரமம் பற்றி, பயணக் களைப்பு பற்றி, என் ரத்த அழுத்தம் பற்றி.

"அக்கா, அதெல்லாம் வேணாம். பொறாமையா இருந்துச்சின்னு சொல்லுங்க. அது போதும் எனக்கு."

"பொறாமையாதான் இருந்துச்சு" என்றேன். காப்பியைக் கீழே வைத்தேன். "இப்பவும் இருக்கு. அந்த யாழினி மேல கூட."

செல்வி சிரித்தாள். பத்து நாளில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்க்கவில்லை. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துக்கொண்டார்.

"எனக்கு எத்தினி வருசமா இருந்துது தெரியுமா? பஸ் ஸ்டாண்டு கடையில கிளிப்பு போட்டு உங்க பேரு தொங்கும். ஷிஃப்டு முடிச்சி வரும்போது தெனம் பாப்பேன். இந்தம்மா பேரு மட்டும் இம்மாம் பெரிசா தொங்குதேன்னு பத்திக்கினு வரும். ஒரு நாளு யாரும் பாக்காதப்ப உங்க புக்க எடுத்துப் பின்னால சொருகி வெச்சேன்."

"எந்த புக்கு?"

"பேரு ஞாபகம் இல்ல. தவளக்குப்பத்துல லாரிக்காரன் சாவான்."

அந்த நாவல் ஏன் சரியாக விற்கவில்லை என்று பல ஆண்டுகளாக யோசித்திருக்கிறேன். அவளையே பார்த்தேன். அவள் காப்பியை ஊதிக்கொண்டிருந்தாள்.

விமானத்தில் ஏறினோம். ஜன்னல் இருக்கை அவளுக்கு வந்திருந்தது, எனக்கு நடு இருக்கை. வயிற்றுக்குள் அது மெல்ல மூண்டது. இந்தத் தடவை அதை ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று தோன்றியது.

"செல்வி, ஜன்னல் உனக்கு வந்துட்டதுன்னு எனக்கு எரியுது" என்றேன்.

அவள் பெல்ட்டைக் கழற்றி, எழுந்து, இடம் மாறிக்கொண்டாள். வழியெல்லாம் மேகம். ஒன்றுமே தெரியவில்லை.